அன்னதானத்துக்கு உபயகாரர் இருக்கார், பிள்ளைங்களுக்கு யார் உபயம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில விட்டுடாம கடைசி வரைக்கும் படிங்க. கோபம் வந்தா நேர்ல வந்து திட்டுங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு நாங்க எல்லாரும் அங்கதான் இருப்போம்.

நாங்க பாகான் டத்தோ மாவட்டத்துல ஒரு பழைய தோட்டத்து மாரியம்மன் ஆலயத்துல தொண்டு செய்யுறவங்க. பேர் போட்டு எழுதினா யார் எழுதினாங்கன்னு ஆராய்ச்சி நடக்கும், விஷயம் காணாம போயிடும். அதனால ‘நாங்க’ன்னே எழுதுறோம். பாத்திரம் கழுவுறவங்க, பூ கட்டுறவங்க, ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்குறவங்க, எல்லாருமா சேர்ந்து எழுதினது இது.

போன வாரம் திருவிழா கணக்குக் கூட்டம். பந்தல், ஒலிபெருக்கி, நாதஸ்வரம், தேருக்கு விளக்கு, வாணவேடிக்கை, எல்லாக் கணக்கும் படிச்சாங்க. ஒரு கேள்வி இல்ல, எல்லாரும் கை தட்டினோம். அப்புறம் நாங்க எழுந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைங்களுக்கு மாசம் 200 வெள்ளி காலைச் சாப்பாட்டுச் செலவுக்கு ஒதுக்குங்கன்னு கேட்டோம். அதுக்குத்தான் அரை மணி நேரம் விவாதம். கடைசியில ஒரு பெரியவர் சொன்னார்: “அதெல்லாம் ஜே.கே.எம். வேலைப்பா. கோயில் வேலை இல்ல. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்த வாடகைக்கு விட்டா 600 வெள்ளி வரும்.”

அவர் கெட்டவர் இல்ல. எங்க கையைப் பிடிச்சு கோயிலுக்குக் கூட்டிட்டு வந்தவரே அவர்தான். அவர் வாயிலேயே இந்த வார்த்தை வந்ததாலதான் இவ்வளவு நீளமா எழுதுறோம். அவருக்கும் அன்னைக்குத் தலையாட்டின எல்லாருக்கும் இது பதில்.

முதல்ல எங்க குத்தத்தைச் சொல்லிடுறோம்.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க வகுப்புக்கு ஒரு பொண்ணு வந்துட்டிருந்தா. ஒம்பது வயசு. நல்லா பாடுவா. வெள்ளிக்கிழமை பிரசாதம் குடுத்தா ரெண்டு பொட்டலம் சேர்த்துக் கேப்பா. “அம்மாவுக்கு”ன்னு சொல்லுவா. நாங்க சிரிச்சிக்கிட்டே, “ஏய், உனக்குன்னு சொல்லு”ன்னு கிண்டல் பண்ணுவோம். அப்புறம் மூணு வாரம் வரல. நாங்க என்ன செஞ்சோம்? வருகைப் புத்தகத்துல மூணு சிவப்புக் கோடு போட்டோம். அவ்வளவுதான். அவ வீடு ரோட்டை விட்டு உள்ள, செம்பனை ஓரமா இருக்கு. மோட்டோவுல போனா ஏழு நிமிஷம். ஒருத்தர் போகல.

அப்பா வீட்டை விட்டுப் போய் மாசக் கணக்கு ஆயிருக்கு. அம்மாவுக்கு மீன் ஃபேக்டரியில ராத்திரி ஷிப்ட். ரெண்டு தம்பிங்களுக்கும் அந்தப் பொண்ணுதான் சோறு ஆக்கியிருக்கா. கஞ்சி வடிக்கும்போது கையில கொட்டிக்கிச்சு. வெந்த கையோட நாலு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கா, அம்மா பயந்துக்கிட்டு வெளிய சொல்லல. ‘பிள்ளையப் பிடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்க’ங்கற பயம். கடைசியில பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் பார்த்துட்டு கிளினிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

கோயிலுக்கு வாராவாரம் வந்த பிள்ளை அது. மூணு தலைமுறையா அந்தக் குடும்பம் நம்ம அம்மனுக்குத்தான் கூழ் ஊத்துது. ஆனா அந்த வீட்டுக் கதவைத் தட்டினது நாம இல்ல. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாத்தான் இருக்கு. அந்த ரெண்டு பொட்டலம் யாருக்குன்னு நாங்க ஒரு நாள் உட்கார்ந்து யோசிச்சிருந்தா போதும்.

அதுக்கப்புறம்தான் நாங்க புத்தி வந்து ஓடினோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருத்தர், கிளினிக் மிஸ்ஸி ஒருத்தங்க, ஜே.கே.எம். அதிகாரி ஒருத்தர், கோயில்ல நாங்க அஞ்சு பேர். மாசத்துக்கு ஒரு தடவை மண்டபத்துல உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே பேசுவோம். எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரல, எந்த வீட்டுல ரேஷன் வேணும், எந்தப் பாட்டி தனியா நாலு பேரனைப் பார்த்துக்குறாங்க, யார் வீட்டுல குடிச்சிட்டு அடிதடி. அந்தப் பொண்ணு குடும்பத்துக்கும் உதவித்தொகை கிடைச்சது. பிள்ளையை யாரும் பிடிச்சிட்டுப் போகல. அம்மாவுக்குப் பகல் வேலை கிடைக்க வழி பண்ணினதும் இந்தக் கூட்டம்தான்.

இன்னைக்கு அந்தக் கூட்டம் என்ன ஆச்சு? ஆசிரியருக்கு மாற்றல். அதிகாரிக்கும் மாற்றல். நம்ம நிர்வாகம் மாறிச்சு. வாரா வாரம் நடந்த வகுப்பு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாச்சு. இப்ப மண்டபத்தை வாடகைக்கு விடணுமாம்.

சரி, ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றோம்.

“இது கோயில் வேலை இல்ல”

அப்படியா? நம்ம பாட்டன் பூட்டன் பால்மரம் சீவின காலத்துல விடிகாலை பெரட்டுக்கு ஆம்பளை பொம்பளை ரெண்டு பேரும் போயிடுவாங்க. பிள்ளைங்க எங்க இருந்தாங்க? ஆயாக் கொட்டாய்ல. அங்க ஒரு ஆயா, பால், தூளி. அது தோட்டத்துக்காரன் கருணை இல்ல, அம்மா வேலைக்கு வரணும்னா பிள்ளையை யாராவது பார்க்கணுமே, அந்தக் கணக்கு. பத்துப் பிள்ளை இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணும்னு 1912 தொழிலாளர் சட்டத்துல வந்ததாலதான் பல தோட்டத்துல தமிழ்ப்பள்ளியே வந்தது. கொட்டாயும் பள்ளியும் கோயிலும் ஒரே வளைவுக்குள்ள இருந்தது. ஒரு பிள்ளை அழுதா நாலு லயத்துக்குக் கேட்கும்.

அந்தக் காலம் சொர்க்கம்னு சொல்ல வரல. சம்சு குடிச்சிட்டு பொண்டாட்டி பிள்ளைகளை அடிச்ச கதை எல்லா லயத்துலயும் உண்டு. ஆனா ஒளிக்க முடியாது. பக்கத்துக் கதவு ஆறடி தூரம்.

இப்ப தோட்டம் கலைஞ்சு போச்சு. பாதிப் பேர் தாமான்ல, பாதிப் பேர் கிள்ளான்ல, சிங்கப்பூர்ல. தாத்தா பாட்டிகிட்ட பிள்ளைங்களை விட்டுட்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற அப்பா அம்மா எத்தனை பேர்? கொட்டாய் போச்சு, லயம் போச்சு, கங்காணி மண்டோர் எல்லாம் போச்சு. மிச்சம் இருக்கிறது பள்ளியும் கோயிலும்தான். உத்தான் மெலிந்தாங்லேர்ந்து பாகான் டத்தோ கடற்கரை வரைக்கும் பாருங்க, தோட்டத்துல ஆளே இல்லைன்னாலும் ஆடி மாசம் அந்தக் கோயிலுக்கு எங்கெங்கேயோ இருந்து கார்ல வர்றாங்க. சனங்க இன்னும் ஒண்ணா கூடுற இடம் நம்ம கையிலதான் இருக்கு. அந்த இடத்துல பிள்ளைங்களைப் பார்க்கலைன்னா வேற எங்க பார்க்கப் போறோம்?

ஜே.கே.எம். வேலைன்னு சொல்றீங்க. 2017-இல்தான் நம்ம பாகான் டத்தோ தனி மாவட்டம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஹிலிர் பேராக்கோட இருந்தோம். இப்பவும் பெரிய ஆஸ்பத்திரின்னா தெலுக் இந்தானுக்குத்தான் ஓடணும். அதிகாரி ஆபீஸ்ல இருப்பார், மனு வந்தா வருவார். செம்பனை ஓரத்து வீட்டுல வெந்த கையோட இருக்கிற பிள்ளை மனு எழுதாது. அவருக்கு யாராவது சொல்லணும். யார் சொல்றது?

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2001 குழந்தைகள் சட்டம் இருக்கே, அதோட 7-ஆவது பிரிவுல ஊர் அளவுல குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லியிருக்கு. அரசாங்கம் தனியா செய்ய முடியாதுன்னு தெரிஞ்சுதான் அப்படி எழுதினாங்க. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில 1985-லேயே டாக்டர், சமூகநலத் துறை, போலிஸ் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சந்தேகப்படுற கேஸைப் பேசுற குழுவை ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் கண்ணுக்குத் தெரியாதது இன்னொருத்தர் கண்ணுக்குத் தெரியும், அதான் காரணம்.

“வீட்டு விஷயத்துல தலையிடக் கூடாது”

1990-இல் கோலாலம்பூர்ல ஒரு குழந்தை. ரெண்டு வயசு. அடி, சித்திரவதை தாங்காம செத்துப்போச்சு. தமிழ்க் குழந்தை. பேர் பழைய பேப்பர்ல எல்லாம் இருக்கு, நாங்க இங்க எழுதல. நாடே கொதிச்சது. அடுத்த வருஷம் 1991-இல் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையும் வேற ரெண்டு பழைய சட்டத்தையும் சேர்த்துத்தான் 2001 சட்டம் ஆச்சு. இந்த நாட்டுல எல்லா இனத்துப் பிள்ளைங்களையும் காப்பாத்துற சட்டத்துக்குப் பின்னாடி நம்ம வீட்டுப் பிள்ளை ஒண்ணோட சாவு இருக்கு. அதை மறந்துட்டு நாமே ‘வீட்டு விஷயம்’னு சொன்னா எப்படி?

சட்டத்துல யாருக்கு என்ன கடமைன்னும் தெரிஞ்சுக்கோங்க. டாக்டர், குடும்ப உறுப்பினர், பிள்ளைகளைப் பார்த்துக்கிறவங்க, இவங்க சந்தேகம் வந்தா தெரிவிச்சே ஆகணும், 27, 28, 29-ஆவது பிரிவு. பாலியல் குற்றம்னா இன்னும் கடுமை. 2017-இல் வந்த பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்துல 19-ஆவது பிரிவு: தெரிஞ்சும் சொல்லலைன்னா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். இது டாக்டருக்கு மட்டும் இல்ல. தலைவருக்கும், செயலாளருக்கும், பூசாரிக்கும், பாத்திரம் கழுவுற எங்களுக்கும்தான்.

ஆனா ஒண்ணு. எல்லாக் குடும்பமும் கொடுமைக்காரக் குடும்பம் இல்ல. அந்தப் பொண்ணோட அம்மா கெட்டவங்களா? ராத்திரி முழுக்க நின்னு மீன் வெட்டினவங்க. அவங்களுக்குத் தேவை ஒரு கை உதவி. வறுமை, ஆலோங் கடன், குடி, தனிமை, இதெல்லாம் சேரும்போது பிள்ளை கவனிப்பில்லாம போகுது. அந்தக் கட்டத்துலேயே நாம போய் நின்னுட்டோம்னா போலிஸ் வரைக்கும் போக வேண்டிய நிலைமையே பல வீட்டுல வராது. கதவை முன்கூட்டியே தட்டுறதும் பாதுகாப்புதான். செய்தி பேப்பர்ல வந்த பிறகு அழறதுல யாருக்கு லாபம்?

“அடிச்சு வளர்த்ததாலதான் நாங்க நல்லா இருக்கோம்”

இதைச் சொல்றவங்க சிரிச்சிக்கிட்டேதான் சொல்றாங்க. சூடு வச்சது, மிளகாய்ப் புகை போட்டது, தூண்ல கட்டினது, எல்லாம் காமெடியா ஆயிடுச்சு. ஐயா, நீங்க நல்லா இருக்கிறது அந்த அடியாலயா, அடியையும் தாண்டியா? உங்களோட அடி வாங்கி, பதினஞ்சு வயசுல வீட்டை விட்டு ஓடி, குண்டர் கும்பல்ல சேர்ந்தவனும் இருக்கானே. அவன் இந்தக் கூட்டத்துல உட்கார்ந்து பேச வரல, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப 31-ஆவது பிரிவுப்படி பிள்ளையைக் கொடுமைப்படுத்தினா, கவனிக்காம விட்டுத் துன்பப்படுத்தினா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 20 வருஷம் வரைக்கும் சிறை. 2016-இல் திருத்தி இவ்வளவு கூட்டினாங்க. நாங்க யாரையும் பயமுறுத்தல. தெரியாதுன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது, அதுக்காகச் சொல்றோம்.

“வெளிய தெரிஞ்சா நம்ம இனத்துக்கு அசிங்கம், கோயில் பேரு கெட்டுடும்”

எல்லா வாதத்துலயும் ஆபத்தான வாதம் இதுதான். ஏன்னா இதைச் சொல்றவங்க ரொம்ப நல்ல எண்ணத்தோட சொல்றாங்க.

2024 செப்டம்பர்ல சிலாங்கூர்லயும் நெகிரி செம்பிலான்லயும் 20 இல்லங்கள்ல இருந்து 402 பிள்ளைங்களைப் போலிஸ் மீட்டது ஞாபகம் இருக்கா? அப்ப நம்ம வாட்சாப் குழுவுல என்னென்ன பேசினோம்னு திரும்பப் போய்ப் படிங்க. அடுத்த மதத்தைக் கை காட்டறது சுலபம். ஆனா அதுல இருக்கிற பாடம் எல்லாருக்கும் பொது. பக்தி உடை போட்டவங்களை யாரும் கேள்வி கேட்கலைன்னா, எந்தச் சாமி பேர்ல இருந்தாலும் அங்க பிள்ளைங்களுக்கு ஆபத்துதான்.

நம்ம கோயிலையே எடுத்துக்கோங்க. யார் வேணும்னாலும் ‘நான் தொண்டு செய்யறேன்’னு வரலாம். காவி வேட்டி கட்டியிருந்தா, நல்லா தேவாரம் பாடினா, அவ்வளவுதான், பிள்ளைங்களை அவர் கையில ஒப்படைச்சிடுறோம். பரதம் சொல்லித்தர்றவர், உறுமி கத்துக்குடுக்கிறவர், பத்துமலைக்குப் பஸ் ஏத்திட்டுப் போறவர், ஒருத்தரையாவது விசாரிச்சிருக்கோமா? ஒரு கல்யாணம் பேசினா ஏழு தலைமுறை விசாரிக்கிறோம்.

பிள்ளைங்களோட வேலை செய்யப் போறவங்க பாலியல் குற்றத்துல தண்டனை வாங்கினவங்களான்னு கேட்டுத் தெரிஞ்சுக்க ஜே.கே.எம்.ல பதிவேடு இருக்கு. குழந்தைகள் பதிவேடு, டி.கே.கே.ன்னு சொல்றாங்க. 2019-லேர்ந்து நடைமுறையில இருக்கு. எத்தனை ஆலயம் அதைப் பயன்படுத்துது? தப்பு செஞ்சவர் ஆசிரியர் மாதிரி நம்பிக்கை உறவுல இருக்கிறவரா இருந்தா 2017 சட்டத்துல கூடுதல் தண்டனையே இருக்கு. சட்டம் அந்த நம்பிக்கையை எவ்வளவு பெரிசா எடுத்துக்குதுன்னு பாருங்க. நாம எவ்வளவு லேசா எடுத்துக்கிறோம்னும் பாருங்க.

இன்னொரு பழக்கம். ஏதாவது பிரச்சனைன்னா ரெண்டு தரப்பையும் அம்மன் முன்னாடி நிறுத்தி, கற்பூரம் ஏத்தி, சத்தியம் வாங்கி, ‘பேசி முடிச்சாச்சு’ன்னு அனுப்பிடுறது. கடன் தகராறுக்கு அது சரியா இருக்கலாம். பிள்ளை விஷயத்துல அது பாவம். அடிச்சவர் முன்னாடியே அந்தப் பிள்ளையை நிறுத்தி ‘சொல்லும்மா, நடந்துச்சா’ன்னு கேட்டா அது என்ன சொல்லும்? வாயே திறக்காது. நாம ‘ஒண்ணும் இல்லை’ன்னு எழுதிக்குவோம். அம்மன் பேரைச் சொல்லி ஒரு பிள்ளை வாயை அடைக்கிறதை விடப் பெரிய அசிங்கம் இந்தக் கோயிலுக்கு வேற என்ன வரப்போகுது?

பேரைக் காப்பாத்தணும்னா இன்னொண்ணும் நிறுத்துங்க. அடிபட்ட பிள்ளையோட முகத்தைப் போட்டு ‘அனைவரும் பகிரவும்’னு அனுப்புறது. சட்டத்தோட 15-ஆவது பிரிவு அந்தப் பிள்ளை யார்னு தெரியற மாதிரி வெளியிடறதைத் தடுக்குது. அந்தப் படம் பத்து வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும்போதும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்.

“அதான் ஒரு தடவை நிகழ்ச்சி நடத்தினோமே”

ஆமா, நடத்தினோம். பேனர் அடிச்சோம். ஒய்.பி. வந்தார், பொன்னாடை போத்தினோம், மாலை போட்டோம். போலிஸ் அதிகாரி பேசினார், பிள்ளைங்களுக்குப் பை குடுத்தோம், மீகூன் பொட்டலம் குடுத்தோம், படம் பிடிச்சோம். மறுநாள் பேனரைக் கழட்டி மழைக்குச் சமையல்கட்டு ஓரத்துல கட்டினோம். இன்னும் அங்கதான் தொங்குது.

பிள்ளைங்க பாதுகாப்பு ஒரு நாள் வேலை இல்ல. ஒரு பிள்ளை வாய் திறந்து ஒரு விஷயம் சொல்லணும்னா உங்களை ஆறு மாசமாவது தெரிஞ்சிருக்கணும். அடுத்த வாரமும் நீங்க வருவீங்கன்னு நம்பணும். ஒரு அம்மா தன் கஷ்டத்தைச் சொல்லணும்னா அதுக்கு முன்னாடி நீங்க பத்துத் தடவை சும்மா நலம் விசாரிச்சிருக்கணும். வந்துட்டுக் காணாம போறவங்ககிட்ட யாரும் மனசைத் திறக்க மாட்டாங்க. ஆரம்பிச்சிட்டுப் பாதியில விடறது, ஆரம்பிக்காம இருந்ததை விட மோசம். நம்பின பிள்ளைக்கு ‘பெரியவங்க இப்படித்தான்’ங்கற பாடத்தை நாமே சொல்லிக்குடுக்கிறோம்.

அமெரிக்காவுல தென் கரோலினா மாநிலத்துல 2002-இல் ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. சர்ச், தீயணைப்பு நிலையம், பள்ளிக்கூடம் இப்படி சனங்க ஏற்கனவே கூடுற இடத்துல தொண்டர்களைச் சேர்த்து, சின்னப் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் அக்கம்பக்கத்தார் கவனிச்சுக்கணும், அவங்க வாய் விட்டு உதவி கேட்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்கறதுதான் நோக்கம். அதே மாதிரி மத்த ஊர்களோட ஒப்பிட்டுப் பார்த்தப்ப அங்க பிள்ளைங்க நிலைமை தேறினதா ஆய்வாளர்கள் எழுதினாங்க. அவ்வளவு தூரம் ஏன்? நம்ம நாட்டுலயே ஸ்ரீ முருகன் நிலையம் 1982-இல் டாக்டர் தம்பிராஜா ஆரம்பிச்சது. தொண்டர்களை வச்சுத்தான் வாராவாரம் நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தாங்க. 40 வருஷம் தாண்டியாச்சு. அப்ப நம்ம ஆளுங்களால தொடர்ந்து ஒரு வேலையை நடத்த முடியாதுன்னு யார் சொன்னது?

அப்ப ஏன் நம்ம வேலை மட்டும் சாகுது?

நாங்க உட்கார்ந்து யோசிச்சோம். காரணம் சின்னதுதான். எல்லாம் ஆளை நம்பி இருந்தது. அந்த ஆசிரியர், அந்த அதிகாரி, அந்தத் தலைவர். ஆள் மாறினா வேலை போச்சு. கணக்குல ஒரு வரி இல்ல, விதிமுறையில ஒரு எழுத்து இல்ல. புதுசா வந்த நிர்வாகத்துக்கு இது ‘பழைய கோஷ்டி ஆரம்பிச்சது’. அதனால நிறுத்தினா வெற்றி.

ஆனா பாருங்க, இதே கோயில்ல ஒண்ணு மட்டும் எந்தத் தலைவர் வந்தாலும் நிக்கல. உபயம். மூணாம் நாள் உபயம் இன்ன குடும்பம்னா அது தாத்தா காலத்துலேர்ந்து அவங்களுதுதான். தாத்தா போனா அப்பா, அப்பா போனா மகன். சிங்கப்பூர்ல இருந்தாலும் லீவு போட்டுட்டு வந்துடுவார். சண்டை போட்டு எதிர்க்கோஷ்டியில இருந்தாலும் உபயத்தை விட்டுக்குடுக்க மாட்டார். கோவிட் நேரத்துல கோயிலே பூட்டிக் கிடந்தப்பகூட உபயப் பணம் வீடு தேடி வந்தது. தொடர்ந்து ஒரு வேலையை நடத்த நமக்குத் தெரியும். நூறு வருஷமா தெரியும். அதைப் பிள்ளைங்களுக்குச் செய்யல, அவ்வளவுதான்.

அதனால நாங்க கேட்கறது இதுதான்.

ஒண்ணு: பிள்ளை உபயம். வருஷத்துல 52 ஞாயிற்றுக்கிழமை. 52 குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஞாயிறு. அன்னைக்கு வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு அவங்க பொறுப்பு, வராத பிள்ளை வீட்டுக்கு வகுப்பு ஆசிரியரோட போய்ப் பார்க்கறதும் அவங்க பொறுப்பு. பேரை உபயப் பலகையில திருவிழா உபயத்துக்குப் பக்கத்துலேயே எழுதணும்.

ரெண்டு: மாசக் கூட்டம் ஆலய விதிமுறையில ஏறணும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துல தீர்மானம் போட்டு, சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பணும். பள்ளி, கிளினிக், ஜே.கே.எம். மூணுக்கும் கோயில் பேர்ல கடிதம் போகணும், தனி ஆள் பேர்ல இல்ல. புது அதிகாரி வந்த முதல் மாசமே நாம போய் வணக்கம் சொல்லணும். எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை பேருக்கு உதவி கிடைச்சதுன்னு ஆண்டறிக்கையில பேர் இல்லாம எண்ணிக்கை மட்டும் படிக்கணும், பந்தல் கணக்கு படிக்கிற மாதிரி.

மூணு: பிள்ளைங்களோட பழகுற ஒவ்வொருத்தர் பேரையும் டி.கே.கே. பதிவேட்டுல சரிபார்க்கணும். தலைவர் மகனா இருந்தாலும், எங்களுக்கும்தான். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோட பூட்டின அறையில தனியா இருக்கக் கூடாது. எப்பவும் ரெண்டு பேர்.

நாலு: பிள்ளை ஏதாவது சொன்னா என்ன செய்யறதுன்னு எல்லாத் தொண்டருக்கும் தெரியணும். பொறுமையா கேளுங்க. நம்புங்க. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’னு வாக்குக் குடுக்காதீங்க. தோண்டித் தோண்டிக் கேட்காதீங்க, பிள்ளைங்ககிட்டப் பேசப் பயிற்சி வாங்கின போலிஸ் அதிகாரிங்க இருக்காங்க. சந்தேகப்படற ஆளை நீங்களே கூப்பிட்டு விசாரிக்காதீங்க. படம் எடுக்காதீங்க. தாலியான் காசே 15999-க்குக் கூப்பிடுங்க. 24 மணி நேரமும் இருக்கு. உடனடி ஆபத்துன்னா 999. உறுதியாத் தெரியணும்னு அவசியம் இல்ல. சந்தேகம் போதும், மீதியைக் கண்டுபிடிக்கறது அவங்க வேலை.

இவ்வளவுதான் கேட்கறோம். இதுக்குக் கோபுரம் கட்டற செலவு ஆகாது. மாசம் 200 வெள்ளி, மோட்டோவுக்குப் பெட்ரோல், கொஞ்சம் வெட்கம்.

மண்டப வாடகை 600 வெள்ளி போயிடுமேன்னு கவலைப்படற பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, அந்தப் பொண்ணு இப்ப இடைநிலைப்பள்ளியில படிக்கிறா. கையில தழும்பு இருக்கு. போன திருவிழாவுல பந்தியில உங்களுக்குப் பரிமாறினதே அவதான், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. இப்பவும் வகுப்புக்கு வர்றா, சின்னப் பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக்குடுக்க. போன மாசம் ஒரு பையன் ரெண்டு வாரம் வரல. எங்களுக்கு முன்னாடி அவதான் கேட்டா: “அக்கா, அவன் வீட்டுக்கு யாராவது போனீங்களா?”

நாங்க இன்னும் போகலன்னு சொன்னோம். அன்னைக்கே போனோம். அவளும் வந்தா. அந்தப் பையனுக்குக் காய்ச்சல்தான், வேற ஒண்ணும் இல்ல. பாட்டி எங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்க. போறப்ப வாசல்ல நின்னு, “இந்தப் பக்கம் யாரும் வர்றதே இல்லம்மா”ன்னாங்க.

ஆண்டுப் பொதுக்கூட்டத் தேதி அறிவிப்புப் பலகையில ஒட்டியாச்சு. உறுப்பினர் அட்டை உள்ளவங்க எல்லாரும் வாங்க. திருவிழாவுக்கு வர்ற கூட்டத்துல பத்துல ஒரு பங்கு வந்தாலே தீர்மானம் நிறைவேறும். பிள்ளை உபயத்துக்குப் பேர் குடுக்கறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் சமையல்கட்டுப் பக்கம் வாங்க. நோட்டுப் புத்தகம் அங்கதான் இருக்கு. முதல் அஞ்சு ஞாயிறு எங்க அஞ்சு பேர் குடும்பத்தோடது. 47 ஞாயிறு பாக்கி இருக்கு.

மத்த ஆலயத்துல தொண்டு செய்யுற உறவுகளே, உங்க கோயில்லயும் இதே கேள்வியைக் கேளுங்க.

ஓம் சக்தி.